தரை தொடாத கால்

என் அக்கா வீட்டுக்காரர் சக்கரபாணி ஒரு பயந்தாங்கொள்ளி. இதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன், அதனால் இங்கே எழுதுவதில் தப்பில்லை. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் படுத்தவர் எழுந்து போய் இன்னொரு முறை மூடிப் பார்ப்பார். வானம் கறுத்தால் மோட்டார் கொட்டகைப் பக்கம் தலைகாட்ட மாட்டார். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, எதிரே லாரி வரும்போதெல்லாம் இவர் காலால் பிரேக் மிதிப்பார். கண்டமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊரில் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், கரும்பும் போடுகிற மனிதர். கரும்புக் கொல்லைக்குள் இறங்குவதற்கு முன் வரப்பில் நின்று பட்பட்டென்று கை தட்டுவார். உள்ளே இருக்கிற பாம்பு சத்தம் கேட்டு விலகிப் போக வேண்டுமாம்.

அக்கா ராஜாமணி அவருக்கு நேர் எதிர். தலையில் புல்லுக்கட்டோடு வரப்பில் அவள் நடந்தால் பின்னால் வருகிறவர் ஓடத்தான் வேண்டும். இடி இடிக்கும்போது மாட்டை அவிழ்த்துவரப் போவதும் அவள்தான். அவர்கள் கல்யாணத்தின்போது நான் பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன பெண். அன்றிலிருந்து மாமாவை நீ, வா, போ என்றுதான் பேசுகிறேன். என்னைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்து, ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கும் போய், எனக்கே மகள் பிறந்த பிறகும் அது மாறவில்லை. இப்படிப் பயப்படுகிற மாமா கிடைத்தால் எந்தக் கொழுந்தியாள்தான் சும்மா விடுவாள்?

போன வருஷம் என் மகளுக்குக் காது குத்து வைத்தேன். இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். மாமா வண்டி ஓட்டினால் சைக்கிள்காரன்கூட முந்திக்கொண்டு போவான், அவ்வளவு நிதானம். அக்கா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, எங்களுக்கென்று வாங்கிய பலாப்பழத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். திண்டிவனத்துக்குள் நுழைகிற இடத்தில் வெள்ளைக்கோடு போடாத ஒரு வேகத்தடை. வண்டி ஏறி இறங்கியதில் அக்கா சரிந்து ரோட்டில் விழுந்தாள். பின்னால் வந்த ஆட்டோ பிரேக் போட்டும் நிற்காமல் அவள் வலது கால்மேல் ஏறிவிட்டது.

மாமாவுக்கு அது தெரியவில்லை. மல்லாட்டைச் செடியில் விழுந்த புழுவைப் பற்றி அவளிடம் பேசிக்கொண்டே போயிருக்கிறார். டீக்கடையில் நின்றவர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தார். சீட்டில் ஆள் இல்லை. வாழ்நாள் முழுக்க எதெதற்கோ பயந்தவர், பயப்பட வேண்டிய அந்த ஒரு நேரத்தில் புழுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இதை அவரால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. எலும்பு டாக்டர் சீனுவாசன் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்கு விளக்கினார். முழங்காலுக்குக் கீழே சின்னதாகத் திறந்து, எலும்பின் உள்ளே இருக்கிற குழாய் மாதிரியான இடத்தில் நீளமாக ஒரு ராடை இறக்குவார்கள். முறிந்த இரண்டு துண்டையும் அது கோத்துப் பிடித்துக்கொள்ளும். ராடு சுழலாமல் இருக்க மேலேயும் கீழேயும் ஸ்க்ரூ போடுவார்கள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மாமா எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தார்.

“துரு புடிக்காதுங்களா சார்? குளிக்கிறப்ப தண்ணி கிண்ணி உள்ள போச்சின்னா?”

“பிடிக்காதுங்க. அதுக்குன்னே செஞ்ச உலோகம்” என்றார் டாக்டர், சிரிக்காமல். நானாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது மாமாவைக் காணவில்லை. போன் எடுக்கவில்லை. வாசலில், டீக்கடையில், மருந்துக்கடையில் எல்லாம் தேடினேன். வெளியே கொண்டுவந்ததும் அக்கா மயக்கம் தெளிந்து முதலில் கேட்டதே, “அவரு சாப்பிட்டாரா?” என்பதுதான். சாயங்காலம் நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றார். திருவாமாத்தூர் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தேன் என்றார். பொண்டாட்டியை ஆபரேஷன் தியேட்டரில் விட்டுவிட்டு ஒரு மனிதன் பஸ் ஏறிப் போவானா என்று எரிச்சல் வந்தது. ஆனால் பயந்த மனிதர்தானே, கோயிலுக்காவது போனாரே என்று விட்டுவிட்டேன்.

அக்காவை ஊருக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார். கொஞ்ச நாள் வாக்கர் வைத்துக்கொண்டு கால் நுனி மட்டும் பட நடக்க வேண்டும். அடுத்து வரும்போது எக்ஸ்ரே பார்த்துவிட்டுச் சொல்வார், அப்புறம் பாரம் கொடுத்து நடக்க வேண்டும். மாமா ஒவ்வொன்றுக்கும் “சரிங்க சார், சரிங்க சார்” என்றார். அடுத்த தடவையும் அப்படித்தான். பாரம் கொடுத்து நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார், மாமா சரிங்க சார் என்றார்.

அதற்கப்புறம்தான் சிக்கல் ஆரம்பித்தது. எக்ஸ்ரே எடுக்க எடுக்க முறிந்த இடம் முறிந்தபடியே இருந்தது. இரண்டு துண்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு, யாரோ பென்சிலால் இழுத்த மாதிரி. அதே டாக்டரிடம் வந்த மற்றவர்களுக்கெல்லாம் ஒட்டியது, அக்காவுக்கு மட்டும் ஒட்டவில்லை. டாக்டர் சர்க்கரை பார்த்தார், ரத்தம் பார்த்தார், சத்து மாத்திரை எழுதினார். எதிலும் குறை தெரியவில்லை.

“நடக்கறாங்களா?”

“அதெல்லாம் நல்லா நடக்குது சார்” என்றார் மாமா. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் யோசித்துவிட்டு, மேலே இருக்கிற ஸ்க்ரூவை எடுத்துவிடலாம் என்றார். அதை எடுத்தால் நடக்க நடக்க எலும்பின் இரண்டு முனையும் ஒன்றோடு ஒன்று நெருங்கி அழுந்தும், அந்த அழுத்தம் பட்டால்தான் எலும்பு வளரும் என்றார். எடுத்தும்விட்டார். அப்போது அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“இதுக்கும் ஒட்டலேன்னா பழைய ராடை எடுத்துட்டுப் பெருசா ஒண்ணு போடணும். இடுப்பெலும்புல இருந்து கொஞ்சம் எடுத்து உடைஞ்ச இடத்துல வைக்கணும். சும்மா விடவும் முடியாது. எலும்பு ஒட்டாம ராடு மட்டும் எத்தனை நாள் தாங்கும்? ஒருநாள் அதுவே முறியும்.”

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. கடையில் புடவையை விரித்துக் காட்டும்போதுகூட ராடு முறிகிற சத்தம் எப்படி இருக்கும் என்று மனசு கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா போன் வந்தால் எடுக்கப் பயம், வராவிட்டால் இன்னும் பயம். மாமாவைக் கேலி பண்ணியவள் நான், எனக்கே அவர் வியாதி வந்துவிட்டது.

லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது வாக்கர்தான். ஜன்னலோரம் நிறுத்தி, அதன்மேல் துண்டும் லுங்கியும் காயப்போட்டிருந்தார்கள். தள்ளி வைக்கலாம் என்று தூக்கினேன். கால்களில் இருந்த ரப்பரைப் பார்த்தேன். கடையில் வாங்கியபோது இருந்த பளபளப்பு அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லை, மண் இல்லை.

அக்கா கட்டிலில் இருந்தாள். வலது பாதத்தில் ஒரு வெள்ளைத் துண்டு சுற்றியிருந்தது. துண்டை அவிழ்த்துப் பார்த்தேன். வரப்பிலும் கொல்லையிலும் நடந்து வெடித்துக் கிடந்த பாதம், கைக்குழந்தை பாதம் மாதிரி மெத்தென்று இருந்தது. கெண்டைக்கால் சூம்பிப் போயிருந்தது.

“நீ நடக்கவே இல்லையா?”

அக்கா வாசலைப் பார்த்தாள். மாமா கொல்லைக்குப் போயிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். “கலை, அவரு வட்டப்பாறையில சத்தியம் பண்ணிட்டு வந்துட்டாருடி.”

திருவாமாத்தூர் கோயிலில் இருக்கிற வட்டப்பாறை எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயமில்லை. பங்காளிச் சண்டை, வாய்க்கால் தகராறு எதுவானாலும் முற்றிப் போனால், “வட்டப்பாறைக்கு வா, சத்தியம் பண்ணு” என்பார்கள். பாதிப் பேர் அதைக் கேட்டதுமே சமாதானத்துக்கு வந்துவிடுவார்கள். அங்கே பொய் சத்தியம் பண்ணிவிட்டுப் போனவனைப் பாம்பு தேடிவந்து தீண்டியது என்று கதை உண்டு. நான் ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறேன், பட்டப்படிப்பு படித்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பாறைமேல் கை வைத்துச் சொன்ன சொல்லை மாற்று என்றால் எனக்கும் நாக்கு எழாது.

ஆபரேஷன் அன்று மாமா போனது வெறும் வேண்டுதலுக்கு இல்லை. ராஜாமணி கால் ஒட்டுகிறவரைக்கும் அந்தக் காலைத் தரையில் படவிடமாட்டேன், ஒட்டிய பிறகு முதல் அடி உன் சன்னதியில்தான் என்று பாறைமேல் அடித்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அன்றிலிருந்து அக்காவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கும் அவரே தூக்கிக்கொண்டு போகிறார். அக்கா அவரைவிடக் கனம். தூக்கித் தூக்கி மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

மாமா வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். “மாமா, உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? டாக்டர் நடக்கச் சொல்றாரு, நீ தூக்கி வச்சிக்கினு உக்காந்திருக்கிற!”

“எங்க அப்பாருக்குக் கால் ஒடைஞ்சப்ப மாவுக்கட்டு போட்டு, அசையவே கூடாதுன்னாங்க. அவரு கேக்காம மாடு கட்டப் போனாரு. கோணிக்கினு ஒட்டிச்சி. சாவுற வரைக்கும் நொண்டிக்கினுதான் இருந்தாரு. எனக்கு அதான் தெரியும் கலை. ராடு வச்சா நடக்கணும்னு எனக்கு யாரு சொன்னா? சத்தியம் பண்ணிட்டு வந்தப்பறந்தான் டாக்டரு சொல்றாரு.”

“டாக்டர்கிட்ட நடக்குதுன்னு பொய் சொன்னியே!”

“டாக்டர்கிட்ட சொன்ன பொய்க்கு டாக்டரு திட்டுவாரு, வாங்கிக்கலாம். அங்க சொன்னதுக்கு?”

“நடந்தாதான் ஒட்டும், ஒட்டினாதான் நடக்க விடுவேன்னா எப்பதான் மாமா ஒட்டும்? ராடு முறிஞ்சப்பறமா?”

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. நான் இன்னும் நாலு வார்த்தை கேட்டேன், கடுமையாகத்தான் கேட்டேன். சோறு போட்டதில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனார். கேஸ் சிலிண்டரை இன்னொரு முறை மூடிப் பார்க்கக்கூட இல்லை.

மறுநாள் விடிந்து நான் எழுந்தபோது மாமா குளித்து வேட்டி கட்டிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டதற்கு, “தோ வர்றேன்” என்று மட்டும் சொன்னார். சித்திரை வெயிலிலும் குடை இல்லாமல் வெளியே போகாத மனிதர், குடையை ஆணியிலேயே விட்டுவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

அவர் தெரு திரும்பியதும் அக்கா என்னைக் கூப்பிட்டாள். “கலை, ஜல்தி வா. என்னைப் புடிச்சித் தூக்கு.”

“பாத்ரூமா?”

“இல்ல. நடக்கப் போறேன்.”

நான் மலைத்து நின்றேன். அக்காவே பாதத்துத் துண்டை அவிழ்த்து எறிந்தாள். “அவரு எங்க போறாருன்னு எனக்குத் தெரியும். திருவாமாத்தூருக்குத்தான். சத்தியத்த மீறப் போறேன், எது வந்தாலும் எனக்கே வரட்டும்னு சொல்லிட்டு வருவாரு. அவரு வாயால அத்தச் சொல்றதுக்கு முன்னால நான் மீறிடணும். மீறினவ நானாயிட்டா வர்றது எனக்கு வரும், அவருக்கு வராது. பஸ்ஸு இன்னும் விழுப்புரமே போயிருக்காது. தூக்குடி.”

“அக்கா, பயமா இருக்குதுக்கா.”

“எனக்கு மட்டும் இல்லையா?”

அவள் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்குளில் கை கொடுத்து நிறுத்தினேன். இடது காலில் நின்றுகொண்டு வலது காலைக் கீழே இறக்கினாள். முதலில் விரல் பட்டது, அப்புறம் குதிகால். “தரை சில்லுன்னு இருக்குது” என்றாள். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காலுக்கு மாற்றினாள். ராடு இறக்கின இடத்தில், முழங்காலில், சுரீர் என்று பிடித்தது. என் தோளை நகம் பதிய அழுத்தினாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தேன். மளுக் என்று ஏதாவது கேட்டுவிடுமோ என்று உயிரே போய்விட்டது. ஒன்றும் கேட்கவில்லை. மாடு கத்தியது, பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடியது. அக்கா அழுதுகொண்டே ஒரு அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள். ஜன்னல்வரைக்கும் போய் வாக்கர் மேலிருந்த லுங்கியைத் தானே எடுத்துக் கீழே போட்டாள்.

திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவருகிட்ட சொல்லாத. தெரிஞ்சா எனக்கு இன்னா ஆவப்போவுதோன்னு கண்ணை மூட மாட்டாரு. பேஜாராயிடும்.” பாதத்தை ஈரத்துணியால் துடைத்து, துண்டைப் பழையபடி சுற்றச் சொன்னாள்.

மத்தியானம் மாமா வந்தார். வெயிலில் வந்த முகம் கறுத்துக் கிடந்தது. நேராக அக்கா காலடியில் உட்கார்ந்தார்.

“சொல்லிட்டு வந்துட்டேன். நானே சத்தியத்த மீறறேன், தண்டனை எதுவா இருந்தாலும் எனக்குத்தான், அவளைத் தொடாதன்னு பாறை மேல கைய வச்சிச் சொல்லிட்டேன். இனிமே நீ நட ராஜாமணி. கால ஊனு.”

துண்டை அவரே அவிழ்த்தார். அந்தப் பாதத்தை இரண்டு கையிலும் ஏந்தி, தூங்குகிற குழந்தையைப் பாயில் விடுவது மாதிரி தரையில் வைத்தார். வைத்த கையை எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அப்போதுதான் முதன்முதலாகத் தரையைத் தொடுகிறவள் போலக் கண்ணை இறுக்கி மூடி, “அம்மா, சில்லுன்னு இருக்குதுங்க” என்றாள். காலை ஊன்றி நின்றபோது அவள் உடம்பு உதறியது. அது நடிப்பா நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு இருவரையும் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, அறையவும் வேண்டும் போல இருந்தது.

அடுத்த தடவை டாக்டரிடம் மாமா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். சீனுவாசன் முகம் சிவந்துவிட்டது. “முதல்லயே சொல்லியிருந்தா நான் அந்த ஸ்க்ரூவைத் தொட்டே இருக்கமாட்டேனே!” என்று கத்தினார். மாமா கை கட்டி நின்று வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் மாதக்கணக்கில் வாக்கர், பிறகு கைத்தடி. வாக்கர் ரப்பர் தேய்ந்து ஒரு தரம் மாற்றினார்கள். ஒவ்வொரு எக்ஸ்ரேவையும் நானே வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதலில் கறுப்புக் கோட்டின் ஓரத்தில் லேசாக வெள்ளை படிந்தது. அடுத்ததில் அது தடித்தது. போன மாதம் எடுத்ததில் கோட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. “ஒட்டிடுச்சு. ராடு உள்ளேயே இருக்கட்டும், தொந்தரவு பண்ணாது” என்றார் டாக்டர். மாமா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கரும்பு வெட்டு நேரத்தில் ஊருக்குப் போயிருந்தபோது மூன்று பேருமாகக் கொல்லைக்குப் போனோம். கரும்பு ஆள் உயரத்துக்கு மேலே அடர்ந்து நின்றது. மாமா வரப்பில் நின்று கை தட்டுவார், வழக்கம்போல நாலு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்து வைத்திருந்தேன். அவர் தட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே இறங்கினார்.

“மாமா, இன்னா கை தட்டாம போற?”

அவர் திரும்பிப் பார்த்து, அக்காவுக்குக் கேட்காதபடி சொன்னார். “தட்டினா விலகிப் போயிடும் கலை. போயிட்டு வூட்டுக்கு வந்துட்டா? எனக்குன்னு வர்றது இங்கயே வரட்டும்.”

அதற்குள் பின்னாலிருந்து அக்கா வந்தாள். கைத்தடி இல்லை. ராடு வைத்த காலை அழுத்தி ஊன்றி, பழைய வேகத்தில் வந்து மாமாவின் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள். “நவுருங்க, நான் முன்னால போறேன்.”

“நீ இரு, நான்தான் போவணும்.”

“நவுருங்கன்றேன்ல.”

அவளும் கை தட்டவில்லை. செருப்பை எப்போதோ கழற்றியிருந்தாள். கரும்புத் தோகையை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள், அவளை முந்துவதற்காக மாமா பின்னாலேயே ஓடினார். இருவரையும் பச்சை மறைத்துவிட்டது, சலசலப்பு மட்டும் கேட்டது.

நான் வரப்பில் நின்றுகொண்டு, உள்ளங்கை எரிய எரிய, பலங்கொண்ட மட்டும் கை தட்டினேன்.